வெந்தனவும் முறிந்தனவும்: திருவாபரண வயிரங்களின் குற்றமும் சீரமைப்பும்

திருச்சிற்றம்பலம்



தாயில்பட்டித் திருக்கோயிலின் குடமுழுக்குப் பெருவிழாவினை ஒட்டி வெளிவரும் இம்மலரில், திருவாபரணங்களைப் பற்றிச் சில எழுதுமாறு திருப்பணிக் குழுவினர் எம்மைப் பணித்தனர். தலப்பெருமையும் திருமுறைச் சிறப்பும் எழுதவல்லார் பலர் இருக்க, எம்மை இப்பொருளில் ஏவியதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதனை முதற்கண் கூறிப் பின்னர் வரலாற்றிற் புகுவோம்.

அம்மைக்குச் சாத்துதற்குரிய நகைகளைக் குழுவினர் ஏற்றுக்கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில் யாமும் உடனிருந்தோம். பொற்காசு, வெள்ளிக்குடம், கெம்புப் பதக்கம் எனப் பலரும் தத்தம் ஆற்றலுக்கு ஏற்ப அளித்தனர். இறுதியாக முதிய தாய் ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒற்றைக்கல் மூக்குத்தி ஒன்றை எடுத்து நீட்டினார். சில ஆண்டுகட்கு முன் அவர் வீட்டில் நேர்ந்த தீயில் அகப்பட்டு எஞ்சிய பொருள் அது. பொன் இளகி உருக்குலைந்திருந்தது. வயிரமோ பாலாடை படிந்தாற்போல வெளுத்து, ஒளி அவிந்து கிடந்தது. "எங்க அம்மா போட்டிருந்த கல்லு ஐயா. தீயிலே வெந்துபோச்சு. அம்மனுக்கு ஆகுமா, ஆகாதா?" என்று அவ்வம்மையார் வினவினார்.

குழுவினர் ஒருவரையொருவர் நோக்கினர். ஒருவர், அக்கல்லை நீக்கிவிட்டு வேறு கல் பதிக்கலாம் என்றார். மற்றொருவர், பட்டை தீட்டினால் பளிச்சிடும் என்றார். பிறிதொருவர், பழுதுற்ற பொருளை இறைவிக்குச் சாத்துதல் முறையோ என ஐயுற்றார். முன்னோர் வழக்கு யாது என்று எம்மை வினவினர். அவ்வழக்கு தஞ்சைக் கற்சுவரில் ஆயிரம் ஆண்டுகளாக எழுதப்பட்டே இருக்கின்றது. அதனை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தஞ்சைக் கல் கூறுவது

தஞ்சைப் பெருங்கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராச சோழன் கி.பி. 985 முதல் 1014 வரை அரசாண்டவன். தன் ஆட்சியின் 25ஆம் யாண்டு 275ஆம் நாளில், விமானத்தின் உச்சியில் வைத்தற்குரிய செப்புக்குடத்தை அவன் அளித்த செய்தியைக் கல்வெட்டு உரைக்கின்றது. குடமுழுக்குக் காணும் அன்பர்கள் நினைவிற் கொள்ளத்தக்க நாள் அது. அம்மன்னன் தான் கொடுத்தவற்றையும், தமக்கையார் குந்தவையார் கொடுத்தவற்றையும், தேவியர் கொடுத்தவற்றையும், ஏனையோர் கொடுத்தவற்றையும் விமானத்துக் கல்லிலே வெட்டுவிக்குமாறு ஆணையிட்டான். மன்னன் ஈந்த பொருளுக்கும் மற்றையோர் ஈந்த பொருளுக்கும் ஒரே கோயிற் கல்லே ஏடாயிற்று என்பதனை ஈண்டுக் கருதுக. இக்கல்வெட்டுகளை ஹூல்ட்சு என்னும் செருமானிய அறிஞர் படித்து, 1891 முதலாகத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் வெளியிட்டார்.

அவற்றில் நகை ஒவ்வொன்றின் பெயரும், அதில் அமைந்த முத்து எத்தனை, பவளம் எத்தனை, மாணிக்கம் எத்தனை, வயிரம் எத்தனை என்னும் கணக்கும், நிறையும், காசு அளவில் விலையும் காணப்படுகின்றன. பொன்னை நிறுத்தற்கு ஆடவல்லான் என்னும் எடைக்கல்லும், மணி பதித்த அணிகளை நிறுத்தற்குத் தக்கிணமேருவிடங்கன் என்னும் எடைக்கல்லும் இருந்தன. இரண்டும் இறைவன் திருப்பெயர்களே. 2 குன்றி ஒரு மஞ்சாடி. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. கல்லின் கீழ் இடும் அரக்கும் சேர்த்து நிறுத்த இடத்தில், அரக்கு உட்பட என்றே எழுதினர். பொன்னின் நிறையிலே அரக்கின் நிறை மறைந்துவிடலாகாது என்பது அவர்தம் கருத்து.

இவற்றினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. வயிரங்களைக் குறிக்குமிடத்து, மட்டத்தாரை என்றும் சப்பிடி என்றும் வடிவு கூறியதோடு அமையாது, அவற்றின் குற்றங்களையும் எழுதிவைத்தனர். பொரிவு, முறிவு, இரத்தபிந்து, காகபிந்து, வெந்தன என்பன அவர்கள் ஆண்ட சொற்கள். பொரிவு என்பது மேற்புறத்துப் பொரிந்தாற்போன்ற புள்ளி. முறிவு என்பது பிளவும் கீறலும். இரத்தபிந்து செம்புள்ளி, காகபிந்து கரும்புள்ளி. வெந்தன என்பன தீப்பட்டாற்போன்ற வடுவுடைய கற்கள். நாடாளும் வேந்தனுக்குக் குற்றமற்ற வயிரம் கிடைத்தல் அரிதன்று. ஆயினும் குற்றமுடைய கற்களும் அவன் கோயிலில் இறைவன் திருமேனிக்குரிய அணிகளில் இடம்பெற்றன. குற்றத்துடனேயே எழுதவும் பெற்றன.

இங்ஙனம் எழுதியது ஏன்? எம் இளமையில் திருமடத்தில் இக்கல்வெட்டைப் பாடஞ்சொன்ன ஆசிரியர் இதற்குத் தெளிவான விடை ஒன்று கூறுவார். "குற்றமில்லாத கல் என்று எழுதி வைத்தால், எந்தக் குற்றமில்லாத கல்லையும் அதன் இடத்தில் வைத்துவிடலாம். கரும்புள்ளியுள்ள கல் என்று எழுதி வைத்தால், அந்தக் கல்லே இருந்தாக வேண்டும்" என்பது அவர் வாக்கு. குற்றம் எழுதப்பட்டதனால் கல் இழிவடையவில்லை, காவல் பெற்றது.

நூல்கள் கூறும் மணியியல்

வயிரத்தின் குற்றம் ஆராய்தல் சோழர் காலத்தில் புதிதாய்த் தோன்றியதன்று. சிலப்பதிகாரத்தில், கோவலன் மதுரை மாநகரைச் சுற்றிக் காணும் ஊர்காண் காதையில் மணிக்கடைத் தெரு பேசப்படுகின்றது. அங்கே காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் நான்கு குற்றங்களும் நீங்கிய வயிரம் சிறப்பிக்கப்படுகின்றது. காகபாதம் காக்கையின் அடிபோன்ற வடு; களங்கம் மாசு; விந்து புள்ளி; ஏகை கோடு.

நம் சைவ மரபில் இப்பொருளுக்குச் சிறப்பிடம் தந்தது பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம். வீரபாண்டியன் வேட்டையிற் புலியால் மாண்டபின், அவனுடைய காமக்கிழத்தியர் மைந்தர் முடியையும் அணிகலங்களையும் கவர்ந்து சென்றனர். முறைமைக்குரிய சிறுவனுக்கு முடிசூட்ட நவமணி இன்றி அமைச்சர் கலங்கினர். அப்பொழுது சோமசுந்தரப் பெருமான் வணிகர் வேடம் பூண்டு எழுந்தருளி மணிகளை அளித்தருளினார். மாணிக்கம் விற்ற படலம் என்னும் 17ஆம் படலம் இது. மணிகளின் பிறப்பையும் இயல்பையும் இறைவனே எடுத்துரைப்பதாக அப்படலம் அமைந்துள்ளது. தன் உடலையே வேள்விக்கு ஈந்த வலன் என்னும் அசுரனின் குருதி மாணிக்கமாகவும், என்பு வயிரமாகவும் ஆயின என்பது ஆண்டுக் கூறப்படும் வரலாறு. வயிரம் ஒரு கொடையாளியின் என்பு என்று நூல் கூறுவதனை உபயதாரர்கள் உளங்கொள்வார்களாக.

நம் வட்டாரமும் மணிகளை அறியாததன்று. தாயில்பட்டிக்கு அணித்தாய், வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டை விசயகரிசல்குளத்து மேட்டில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 2022 முதலாக அகழ்ந்தனர். சங்கு வளையல்களும், சூதுபவள மணிகளும், பொன் அணிகளின் சிறு துண்டுகளும் அங்குக் கிடைத்தன. இக்கரிசல் மண்ணில் வாழ்ந்த முன்னோரும் தொலைவிலிருந்து வந்த கல்லைப் போற்றி அணிந்தனர் என்பதற்கு அவை சான்று.

வயிரம் எவ்வாறு பழுதுறும்?

வயிரத்திற்கு அழிவில்லை என்று எண்ணுவார் பலர். அஃது ஓரளவே மெய். வயிரத்தைப் பிறிதொரு கல்லால் கீற இயலாது. வயிரத்தை வயிரத்தாலேயே அறுத்தல் வேண்டும். ஆயின் கீறுபடாமை வேறு, உடைபடாமை வேறு. வயிரத்தின் உள்ளமைப்பில் எளிதிற் பிளக்கும் தளங்கள் நான்கு திசைகளில் அமைந்துள்ளன. அத்திசையில் அடி விழுமாயின் கல் பிளந்துபோம். மெய்யான வயிரம் சம்மட்டிக்கும் உடையாது என்று உரோம நாட்டுப் பிளினி எழுதிவைத்தார். அதனை நம்பிச் சோதித்து நல்ல கற்களை இழந்தார் பலர்.

தீயும் வயிரத்திற்குப் பகை. 1772இல் பிரெஞ்சு அறிஞர் இலவாசியே பெருங்கண்ணாடி வில்லையால் கதிரவன் ஒளியைக் குவித்து வயிரத்தை எரித்துக் காட்டினார். 1797இல் ஆங்கிலேயராகிய சுமித்சன் தென்னந்து, வயிரம் கரியின் வேறன்று என நிறுவினார். இஃது ஏனையூரார்க்கு வியப்பாகலாம். தாயில்பட்டியார்க்கு எளிதில் விளங்கும். வெடியுப்பும் கந்தகமும் கரியும் கூட்டிக் கரிமருந்து செய்வதனை அறியாதார் இவ்வட்டாரத்தில் யார்? அக்கரியும் அம்மையின் மூக்குத்தியில் ஒளிரும் வயிரமும் பொருளால் ஒன்றே; அடுக்கால் வேறு. காற்றுப்படும் இடத்தில், ஏறத்தாழ 700 முதல் 900 பாகை செல்சியசு வெப்பத்தில் வயிரத்தின் மேற்புறம் எரியத் தொடங்கும். அங்ஙனம் எரிந்த கல் உள்ளே தெளிவாயிருப்பினும், மேலே பாலாடை போர்த்தாற்போலத் தோன்றும். தஞ்சைக் கல்வெட்டில் வெந்தன என்னும் சொல்லைக் கண்ட நாளில் எமக்கு அதன் பொருள் முற்றும் விளங்கவில்லை. அம்முதிய தாயின் உள்ளங்கையிற் கண்டபோதுதான் விளங்கிற்று.

இந்நாளில் பொற்கொல்லர் பற்றவைக்குங்கால், போரிக்குப் பொடியை எரிசாராயத்தில் கரைத்து வயிரத்தின் மேற்பூசிக் காற்றுப்படாது காப்பர். அதனை மறந்தவிடத்து நல்ல கல்லும் வெந்துபோவதுண்டு.

மூவகைப் பழுது

பழைய நகையில் கல் ஒளி மங்கியிருப்பின், பழுது எங்கே உள்ளது என்று முதற்கண் தெளிதல் வேண்டும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியால், பகலொளியில் நோக்கின் பெரும்பாலும் தெளியலாம். சைவ நூல் பயின்றார்க்கு ஒரு பாகுபாடு இங்கே உதவும். உயிரைப் பற்றிய மலங்களில் ஆணவம் உடன்தோன்றியது, சகசம் எனப்படும். ஏனையவை பின் வந்து கூடியவை, ஆகந்துகம் எனப்படும். கல்லின் குற்றங்களும் இங்ஙனமே.

கரும்புள்ளியும் உள்ளிருக்கும் கோடும் பிறவிக் குற்றங்கள். நிலத்தின் அடியாழத்தில் கல் உருவானபோதே உடன் அமைந்தவை. அவற்றை நீக்க முயல்வது வீண். அவை அக்கல்லின் அடையாளம்.

ஓரம் சில்லுப் போதல், பட்டைகளின் விளிம்பு தேய்தல், பிளவு, தீப்பட்ட வெண்மை ஆகியன பின் வந்த குற்றங்கள். ஒரே பெட்டியிற் பல வயிர நகைகளைக் கூட்டிப் போடுதலால் வயிரமே வயிரத்தைத் தேய்க்கும். இக்குற்றங்களுள் சில திருத்தத் தக்கன. சில பொறுக்கத் தக்கன.

மூன்றாவது, கல்லின் குற்றமே அன்று, கட்டடத்தின் குற்றம். பழங்காலத்து மூடு கட்டடத்தில் கல்லின் பின்புறம் பொன்னால் அடைக்கப்பட்டிருக்கும். உள்ளே ஒளி தருதற்குத் தகடும், நிலைநிறுத்தற்கு அரக்கும் இட்டிருப்பர். நூறாண்டு கழியின் அரக்கு பொரியும்; தகடு கறுக்கும்; திருமஞ்சன நீரும் எண்ணெயும் உட்புகும். காண்பவர், கல் கெட்டது என்பர். கெட்டது கல்லன்று, அதன் பின்னுள்ள தகடே. ஓரூரில் இருண்டு கிடந்த அம்மன் பதக்கத்தை விற்றுவிடத் துணிந்தபோது, முதிய பொற்கொல்லர் ஒருவர் அதனைப் பிரித்து, அழுக்கு நீக்கி, புதுத் தகடும் அரக்கும் இட்டு, இரண்டே நாளில் ஒளிரச் செய்ததனை யாம் நேரிற் கண்டோம். இத்தகைய நகைகளை வெந்நீரிலோ அமிலத்திலோ அதிர்வலைக் கருவியிலோ இடுதல் பெருந்தவறு. நீர் உட்புகின் நல்ல தகடும் கெடும்.

பட்டை தீட்டுவதற்கு முன்

பின் வந்த குற்றங்களை நீக்கப் பட்டை தீட்டலாமே எனின், உலக வரலாறு இரண்டு எச்சரிக்கைகளைத் தருகின்றது.

நம் நாட்டுக் கோகினூர் வயிரம் 1850இல் விக்டோரியா அரசியார் கைக்குச் சென்றது. 1851இல் இலண்டன் பொருட்காட்சியில் கண்டோர், எதிர்பார்த்த ஒளி இல்லை என்றனர். 1852இல் அதனைப் புதிதாகத் தீட்டினர். 186 காரட்டாக இருந்த கல் 105.6 காரட்டாகச் சுருங்கியது. ஒளி கூடிற்று, முகலாயர் கண்ட கல்லின் உருவம் மறைந்தது. கோல்கொண்டாப் பகுதியில் தோன்றியதாகக் கருதப்படும் விட்டல்சுபாக்கு என்னும் நீலவயிரம் 35.56 காரட்டு இருந்தது. 2008இல் அதனை வாங்கிய வணிகர் விளிம்பிலிருந்த சில்லுகளை நீக்குதற்பொருட்டுத் தீட்டுவித்தமையால் 31.06 காரட்டாயிற்று. முன்னூறு ஆண்டு வரலாற்றின் தழும்பைத் துடைத்துவிட்டனர் என்று அறிஞர் பலர் வருந்தினர்.

கல்லின் பட்டை அதன் வயதைக் கூறும் ஏடாகும். 18ஆம் நூற்றாண்டில் பிரேசில் நாட்டுக் கற்கள் வரும்வரை, உலகின் வயிரங்கள் பெரும்பாலும் நம் பாரத நாட்டிலிருந்தே சென்றன. அக்காலத்துக் கற்களைத் தட்டையாகவும், எடை குறையாதவாறும் தீட்டினர். தென்னாப்பிரிக்காவில் 1867இல் வயிரம் காணப்பட்ட பின்னர் வந்தவை, நம் பாட்டிமாரின் ஏழுகல் தோடும் எட்டுக்கல் பேசரியும். அவர்கள் பெருமையோடு சொல்லிய புளூ சாகர் என்னும் பெயர், 1870இல் தோன்றி 1971இல் மூடப்பட்ட சாகர்சுபாண்டெயின் சுரங்கத்தின் பெயரே. இக்கற்களை இன்றைய முறையில் தீட்டினால் ஒளி கூடலாம். காலம் காட்டும் அடையாளம் அழியும். தீட்டிய பொடி மீண்டும் கல்லாகாது.

ஆகமங்கள் சீர்ணோத்தாரணம் கூறுமிடத்தும் இந்நெறியே காணப்படுகின்றது. சிறுபழுது உற்றதனைச் செப்பனிடுக. பெரும்பழுது உற்றதனையே மாற்றுக என்பது அவற்றின் கருத்து. நகைக்கும் அதுவே ஒக்கும். முதலில் தூய்மை செய்க. அது போதாதாயின் தகடும் அரக்கும் மாற்றுக. பிடி தளர்ந்திருப்பின் பிடியைப் புதுக்குக. ஓரத்துச் சில்லுப் பொற்பிடியின் கீழ் அடங்குமாறு கல்லைத் திருப்பிப் பதிக்க. இவை எவற்றாலும் ஆகாதவிடத்தே தீட்டுதலை எண்ணுக.

எழுதாமையால் வரும் கேடு

யாம் அறிந்த ஓரூரில், ஊர்ப்பெயர் வேண்டா, அம்மனின் பழைய வயிரப் பதக்கம் செப்பனிடச் சென்று மீண்டது. கற்கள் அனைத்தும் பளிச்சிட்டன, கண்டோர் மகிழ்ந்தனர். சில ஆண்டு கழித்து வல்லுநர் ஒருவர் நோக்கி, அவற்றுட் சில வயிரம் அல்ல என்றார். ஏட்டை எடுத்துப் பார்த்தனர். வயிரப் பதக்கம் ஒன்று என்ற மூன்று சொற்களே அதில் இருந்தன. கல் எத்தனை, நிறை எவ்வளவு, குற்றம் யாது என்பன எழுதப்படவில்லை. கல் மாறியது செப்பனிடுமுன்னரோ பின்னரோ என்று எவராலும் கூற இயலவில்லை. குற்றமற்ற மனிதர் சிலர்மீதும் ஐயம் விழுந்தது. உபயம் செய்த குடும்பத்தார் அடைந்த துயரம் இன்றும் எம் நெஞ்சை விட்டகலவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்படும் வயிரங்களும், வயிரம் போலத் தோன்றும் கற்களும் மலிந்த இந்நாளில் இவ்வச்சம் முன்னினும் பெரிது.

1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டமும், நகைகளையும் மணிகளையும் நிறையோடும் மதிப்போடும் பதிவேட்டில் எழுதுமாறு விதிக்கின்றது. இராசராசன் கல்லில் வெட்டியதனையே சட்டம் தாளில் எழுதச் சொல்கின்றது. ஆதலின் நகையைப் பிரிக்குமுன் ஒளிப்படம் எடுத்து, நிறுத்து, கற்களை எண்ணி, ஒவ்வொன்றன் குற்றத்தையும் எழுதுக. பொறுப்பாளர் முன்னிலையில், கோயில் வளாகத்துள்ளேயே வேலை நிகழ்க. ஒரு கல்லை மாற்ற நேரின் பழைய கல்லை முத்திரையிட்டுக் கருவூலத்தில் வைத்து, மாற்றிய செய்தியையும் எழுதுக. கொடுப்போரும், தம் கல்லிற் குற்றமுண்டாயின் கூசாது எடுத்துக் கூறுக.

இனி, அம்முதிய தாயின் வினாவிற்கு வருவோம். பொற்கொல்லர் கண்ணாடி வைத்து நோக்கி, கல்லின் உள்ளே பிளவு இல்லை, மேற்புறமே வெந்துள்ளது, சிறிது தீட்டினால் தெளியும் என்றார். அதனை அத்தாயிடம் கூறினோம். "தீட்டுனா கல்லு குறையுமா ஐயா?" என்றார். "இம்மியளவு குறையும், அம்மா" என்றோம். சற்றே எண்ணியிருந்து, "அப்ப வேண்டாம். அம்மா போட்டது முழுசா இருக்கட்டும்" என்றார். குழுவினர் எவரும் மறுமொழி கூறவில்லை. பழைய பொன்னையே உருக்கிப் புதுக் கட்டடம் செய்து, கல்லைக் குளிர்ந்த நிலையிற் பதித்தனர். பதிவேட்டில் யாமே எம் கையால் எழுதினோம்: ஒற்றைக்கல் மூக்குத்தி ஒன்று, வயிரம் 1, வெந்தது.

குடமுழுக்கு நாளில் அம்மை அதனை அணிந்து காட்சி தருவாள். அன்பர்கள் யாவரும் தரிசித்து, திருவருள் பெற்று வாழ்வார்களாக.

திருச்சிற்றம்பலம்